உலக்கைக்கு இந்தப் பக்கம்

குரூப்பில் கொஞ்ச நாளாக ஒரே உருக்கமாக இருக்கிறது. நாம் சின்ன வயதில் விளையாடிய அந்த ஆன்லைன் விளையாட்டின் பழைய சர்வரைத் திரும்பத் திறக்கப்போகிறார்களாம். அன்று யார் எந்த ஆளை எங்கே நிறுத்திவிட்டுப் போனோமோ, அந்த ஆள் அதே இடத்தில் அப்படியே நிற்பானாம். செய்தி வந்ததிலிருந்து ஆளாளுக்கு அழுகிற பொம்மை போடுகிறீர்கள். நாற்பதைத் தொடப்போகிற வயது, தலைக்குச் சாயம், சர்க்கரைக்கு மாத்திரை, இதில் "அந்தக் காலம் மாதிரி வருமா மக்கா" என்று ஒரு பாட்டு வேறு. எனக்கும் காதோரம் நரைத்தாயிற்று. ஆனால் அதற்காக எனக்கு மூளை மழுங்கிவிடவில்லை.

"பாறைக்காரர் இனத்தை இந்த ஊரிலேயே முதலில் திறந்தது நம்ம செட்டுதான்" என்று அத்தான் எழுதியிருந்தார். அதற்கு எத்தனை கைதட்டல்! அன்று மாலையே அண்ணன் என்னைத் தனியாக அழைத்தான். என் பிள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அழைக்காதவன். "சுகம்தானே? பின்னே... அந்தப் பாஸ்வேர்டு ஓர்மையுண்டா?" என்றான். ஓர்மை இருக்கிறது, மறந்துவிடவில்லை. நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு நினைவுக் குறிப்பு எழுதிவிட்டீர்கள், என்னையும் எழுதச் சொல்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். பாஸ்வேர்டையும் கடைசியில் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகாமல் படியுங்கள்.

குரூப்பில் இப்போது உங்கள் மனைவிமாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொல்ல வேண்டும். சாலை என்கிற மலையாளத்துக் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடைக்கு மேலேதான் வீடு. கடை திறந்ததிலிருந்து அடைக்கிறவரை அண்டாவும் உருளியும் முட்டுகிற சத்தம் மாடிக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அம்மாவுக்கு ரகசியம் சொல்லக்கூடத் தெரியாது. மாடியின் பின்னறையில், குளியலறையோடு சேர்ந்த அறையில், கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணனை இன்ஜினீயர் ஆக்குவதற்காக அப்பா வாங்கியது. மானிட்டர் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாமி அறைக்குக்கூட அப்பா அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த அறையில் இன்ஜினீயர் ஆகிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். அண்ணன், அத்தை மகனான அத்தான், வலியசாலையிலிருந்து சைக்கிளில் வருகிற வக்கீல் மகன். என்ட்ரன்ஸுக்குச் சேர்ந்து படிக்கிறார்கள் என்பது பெயர். அறைக் கதவைத் திறந்தால் வியர்வையும் பழம்பொரி எண்ணெயும் கலந்த ஒரு வாடை அடிக்கும். கீபோர்டில் பாதி எழுத்து எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்துபோயிருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. மூன்று பேருமாக அந்த விளையாட்டில் யார் யாரையோ வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழம்பொரியும் சாயாவும் கொண்டுபோய் வைத்துவிட்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். என்னை விரட்டவும் மாட்டார்கள், நாற்காலி தரவும் மாட்டார்கள்.

அந்தக் கோடையில் விளையாட்டில் ஒரு புது இனம் வந்தது. பூமிக்கு அடியில் வாழ்கிற பாறை மனிதர்கள். ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாமல் நாம் அவர்களைப் பாறைக்காரர் என்றே சொன்னோம். மற்ற இனங்களைப் போல இதைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுடைய பாதாள ஊருக்குப் போய், தினமும் அவர்கள் சொல்கிற வேலையைச் செய்து, அவர்களுடைய நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். நம்பிக்கை நிரம்பினால் ஒரு கடைசிச் சோதனை. அதிலும் தேறினால் இனம் திறக்கும். அப்புறம் அந்த இனத்தில் ஒரு ஆளை உண்டாக்கி விளையாடலாம். ஒரு கணக்குக்கு ஒரே ஒரு பாறைக்காரர்தான். அந்த சீசன் முடிந்தால் கதவு சாத்தப்படும், பிறகு யாருக்கும் கிடையாது.

இதில்தான் நம் வீரர்களுக்குச் சங்கடம் வந்தது. பாறைக்காரர் கொடுத்த வேலை எல்லாம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, சுனையில் வெள்ளம் கோரி, அதாவது தண்ணீர் மொண்டு, கொண்டுவருவது, சுரங்கத்தில் வழி தவறிய கிழவியைக் கைபிடித்துக் கூட்டி வருவது. யாரையும் வெட்ட வேண்டியதில்லை. வெள்ளம் கோருகிற வேலை இவர்களுக்கு எப்படிப் பிடிக்கும்? சொந்த வீட்டில் குடித்த தம்ளரைக் கழுவி வைக்காதவர்கள்.

"ஏட்டி, இங்க வா" என்றான் அண்ணன். "நாங்க கோச்சிங் போற நேரத்துல நீ இந்த வெள்ளம் கோருகத வேலையப் பாத்துக்கோ. வேற ஒண்ணயும் நோண்டப்பிடாது, கேட்டியா?"

"செஞ்சா எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒனக்கென்ன கிடைக்கணும்? அதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல இருக்கேல்லா."

அப்படித்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது. தினமும் அவர்கள் படியிறங்கியதும் நான் பாதாளத்துக்கு இறங்குவேன். அந்த ஊரை நீங்கள் யாரும் சரியாகப் பார்த்ததே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தால் எதைப் பார்க்க முடியும்? கூரையில் பச்சையாக மினுங்குகிற பாசி இருக்கும். சுனை ஓரம் நடந்தால் காலடிச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். பாறைக்காரர்களில் ஆணும் பெண்ணும் ஒரே உயரம், ஒரே தோள். பெண்களுக்கு ஜடை இல்லை, வளையல் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் முஷ்டியால் சுவரில் ஒரு தட்டு, அதுதான் வணக்கம். முதலில் என்னைப் பார்த்தால் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். நாளாக ஆக, நான் வரும்போது எங்கிருந்தோ சுவரில் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அந்த இனத்தில் எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வாய்விட்டும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"எடி, அது ஃபைட்டர் கிளாஸாக்கும்" என்றார் அத்தான். "நீ மருந்து போடுகத ஆள எடு. உன்னைப்போல பெண்பிள்ளைகளுக்கு அதாம் நல்லது."

நம்பிக்கை நிரம்பிய அன்று என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு மூன்று பேரும் கடைசிச் சோதனைக்கு உட்கார்ந்தார்கள். சோதனை என்ன தெரியுமா? பாதாளத்தின் அடிக்குழியில் போய் உட்கார வேண்டும். விளக்கெல்லாம் அணையும். இருட்டில் ஏதேதோ உறுமும், உரசும். கத்தியை எடுக்கக் கூடாது, நகரக் கூடாது, ஒரு விசையைத் தட்டினாலும் தோல்வி. பாறைக்காரர்களாக வந்து கூப்பிடும்வரை சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் உறுமலுக்கே அண்ணன் கத்தியை உருவினான். அத்தானுக்குத் தொடை ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தில் கை போய் எங்கேயாவது படும். வக்கீல் மகன் நடுவில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பி மவுஸைத் தொட்டான். சாயங்காலம் முழுக்க முயன்று தோற்று, "சீ, இது என்ன ஸ்டுப்பிட் கேம்" என்று எழுந்தார்கள். சீசன் முடியப் போகிறது என்கிற கவலை மட்டும் முகத்தில் இருந்தது.

மறுநாள் நான் பெரியவளானேன்.

அம்மா அழுதாள், அப்பா கடையிலிருந்து மேலே வரவில்லை, வடசேரியிலிருந்து அத்தை பெரிய பையோடு வந்து இறங்கினாள். வந்ததும் கேட்டது, "பிள்ளைய எங்கட்டி இருத்தியிருக்கிய?" என்று. எங்கள் நாஞ்சில் நாட்டு வழக்கப்படி சடங்கு வரை பெண் தனி அறையில் இருக்க வேண்டும். ஆண் முகம் பார்க்கக் கூடாது, வீட்டுச் சாமான் எதையும் தொடக் கூடாது. அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குளியலறையோடு சேர்ந்த அறை ஒன்றுதான் உண்டு.

"பொறத்த ரூம்லயே இருக்கட்டும். பிள்ள வெளிய வராண்டாம்லா."

அண்ணனுக்கு உயிரே போய்விட்டது. "அத்தே, அங்க கம்ப்யூட்டர் இருக்கு!"

"கெடக்கட்டும்ல. ஒரு துணியப் போட்டு மூடுனாப் போச்சு."

அப்பாவின் இரட்டை வேட்டியை எடுத்துக் கம்ப்யூட்டரை மூடினாள். மூலையில் எனக்கு ஒரு பாய், தனித் தட்டு, தனித் தம்ளர், ஒரு கொத்து வேப்பிலை. வாசலுக்குக் குறுக்கே, காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்க, பூண் போட்ட உலக்கை. "தொடப்பிடாது, கேட்டியாட்டி? தொட்டா மிஷினு பாழாப்போவும்" என்று சொல்லிவிட்டு உளுந்தங்களி கிளறப் போனாள். இப்படியொரு முட்டாள்தனத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அந்த வீட்டிலேயே விலை கூடிய பொருளோடு என்னைத் தனி அறையில் வைத்து, வேறு யாரும் உள்ளே வராமல் காவலும் போட்டுவிட்டு, ஒரு வேட்டியை நம்பிப் போனாள். மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்ததும் நான் வேட்டியைத் தூக்கினேன்.

மூன்று இன்ஜினீயர்களும் மாடிப்படியில் குடியேறினார்கள். உள்ளே வரத் தைரியமில்லை, போகவும் மனமில்லை. மின்சாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், ஒரு மரக்கட்டையைத் தாண்டவில்லை. அண்ணனுக்கு ஒரு பென் டிரைவ் வேண்டியிருந்தது. அவனுடைய நோட்ஸ் எல்லாம் அதில். நான் அதைத் தரையோடு தள்ளி உலக்கைக்கு அந்தப் பக்கம் விட்டேன். எலியைக் கண்ட மாதிரி மூன்று பேரும் துள்ளிக் குதித்தார்கள். அத்தான் கைகொட்டி, "தீட்டு! தீட்டு!" என்று பாடினார். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் அண்ணன் அடுக்களைக்குப் போய் இடுக்கி கொண்டுவந்து, சூடான பாத்திரத்தை இறக்குகிற மாதிரி அந்தப் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு போனான். ஞாபகம் இருக்கிறதா? உங்கள் குறிப்பு எதிலும் அந்த இடுக்கியைக் காணவில்லையே என்று கேட்கிறேன்.

நான் அன்று அழவில்லை. எனக்கு வந்தது கோபம். அது இன்னும் ஆறவில்லை.

மறுநாள் அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டு வந்தான். "எப்படியும் நீ தொட்டிருப்ப. பொய் சொல்லாத. அந்த லாஸ்ட் டெஸ்ட முடிச்சிரு மோளே. சும்மா இருந்தாப் போரும், அசையாத."

"டே, மெதுவாப் பேசு" என்றான் வக்கீல் மகன், இரண்டு படி கீழே நின்று. "நான் இங்க நிக்கறது ஆத்துல தெரிஞ்சா அம்மா கொன்னுடுவா. போனவுடனே குளிக்கணும்."

சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு அவர்கள் வகுப்பு எடுத்தார்கள். என்னிடம்! அசையாதே, பேசாதே, வெளியே வராதே என்று வந்த நேரத்திலிருந்து கேட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கிறவளிடம்! அவர்கள் கோச்சிங் போன பிறகு நான் அடிக்குழிக்குப் போய் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. உறுமியது, உரசியது. கீழே கடையில் யாரோ ஒரு அண்டாவைத் தடாலென்று போட்டார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு இருட்டுக்குள் எங்கோ தூரத்தில் சுவரில் ஒரு தட்டு. கொஞ்சம் பக்கத்தில் இன்னொரு தட்டு. பிறகு நான்கு பக்கமும் தட்டு. திரையில் பச்சை வெளிச்சம் பரவி, இனம் திறந்தது என்று எழுத்து வந்தது.

வாசலில் நின்று நான் செய்தி சொன்னபோது படியில் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். "அளியா, நம்மள் அடிச்செடா!" என்றார் அத்தான். ஜெயித்தது நம்மளாம்! அப்புறம் அண்ணன் உலக்கை வரை வந்து விரலை நீட்டினான். "இனி ஒண்ணயும் தொடாத. ஆள நாந்தான் உண்டாக்குவேன். சடங்கு முடிஞ்சதும் வாறேன்." படியிலேயே உட்கார்ந்து ஆளுக்கு என்ன பேர் வைப்பது, மீசை எப்படி, கோடாலி எது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அவர்கள் மீசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு, நான் அவளை உண்டாக்கினேன்.

அகலமான தோள். மொட்டைத் தலை. நெற்றியில் ஒரு வெடிப்பு. பேர் கேட்டது, வாசலைப் பார்த்தேன், உலக்கை என்று வைத்தேன். பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். அதோடு சேர்ந்த மின்னஞ்சலையும் மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்த மேதைகள் நீங்கள்.

சடங்கு வரை மத்தியானம்தோறும் நான் அவளாக இருந்தேன். பாறைக்காரர்களுக்கு முதல் வேலை பாதாளத்திலிருந்து மேலே ஏறி வருவது. ஏற ஏற வெளிச்சம் கூடும். கடைசி வளைவில் திரை முழுக்க வெள்ளையாகி, பிறகு மெல்ல வானம் தெரியும். வெளியே போகக் கூடாது என்று பூட்டி வைத்த ஒரு பிள்ளை அந்த வானத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

சடங்கன்று விடியுமுன்பே எழுந்து, கடைசியாக ஒருமுறை அவளைப் பாதாள வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்; விடிந்ததும் அத்தை திடீரென்று கதவைத் தட்டினாள். நான் மானிட்டரை மட்டும் அணைத்து, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேட்டியைப் போட்டேன். குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, பூச்சடை தைத்து, கூடத்தில் பின்னறை வாசலுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். மாமன் சீர் வந்தது, நாதஸ்வரம் வந்தது, நாகர்கோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. பூசை செய்ய வந்த போற்றி தீட்டுக் கழியப் புண்ணியாகம் செய்து தீர்த்தத்தை அத்தை கையில் கொடுத்தார். அத்தை அதில் மஞ்சள் தண்ணீரையும் சேர்த்துக் கிண்டியில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பாயில் தெளித்தாள், சுவரில் தெளித்தாள். பிறகு வேட்டியை விலக்கி, பெட்டியின் தலையில், சிவலிங்கத்துக்கு அபிஷேகம் பண்ணுகிற பக்தியோடு, கிண்டி மூக்கைச் சாய்த்து ஊற்றினாள்.

டப்பென்று ஒரு சத்தம். நீலமாகப் புகை. கருகிய வாடை கூடம் வரை வந்தது. நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"பாத்தியளா, பாத்தியளா!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "பிள்ள தொட்டிருக்கு! தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அத்தையை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனால் பின்னறை வாசலிலேயே மூன்று பேர் நின்றிருந்தார்கள். கிண்டியைப் பார்த்தார்கள், ஊற்றியதைப் பார்த்தார்கள், பெட்டியிலிருந்து மஞ்சள் தண்ணீர் தரையில் சொட்டுவதையும் பார்த்தார்கள். தண்ணீர் பட்டால் மிஷின் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்த வீட்டிலேயே அவர்கள் மூன்று பேர்தான். அப்பா அண்ணனைக் கேட்டார், "என்னல ஆச்சு?" என்று.

"அவ தொட்டாப்பா" என்றான் அண்ணன். "நான் அப்பமே சொன்னேன்."

அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார். வக்கீல் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு பாயசம் குடித்தான்.

அப்பா என்னிடம் பல நாள் பேசவில்லை. அண்ணன் என்ட்ரன்ஸில் கோட்டை விட்டதும் என் கணக்கிலேயே எழுதப்பட்டது. நல்ல நேரத்தில் வீட்டில் தீட்டு விழுந்ததாம். அம்மா ஒருத்திதான் அன்று எல்லாரும் போன பிறகு அந்தப் பெட்டியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த துணியைப் பிழிந்து பார்த்தாள். மஞ்சளாகச் சொட்டியது. பிறகு, அவளுக்கு வராத மெல்லிய குரலில், "அதுல என்னட்டி பண்ணிட்டிருந்த?" என்று கேட்டாள்.

"ஒரு ஊரு இருக்கும்மா. பூமிக்குக் கீழ."

"நல்ல ஊரா?"

"ஆமா" என்றேன். வேறு யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை.

பெட்டி செத்தாலும் சர்வரில் ஆள் சாகாது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் மூன்று பேரும் மறுநாளே பிரவுசிங் சென்டருக்கு ஓடினீர்கள். பாஸ்வேர்டு ஏற்கவில்லை. அண்ணன் வந்து கெஞ்சினான், மிரட்டினான், அத்தான் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னார். "நான் தொட்டது, உங்களுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் நினைத்துப் பார்த்த பெயர்களை எல்லாம் அடித்துப் பார்த்தீர்கள். என் பேர், அம்மா பேர், நடிகன் பேர். சீசன் முடிந்து, நீங்களும் ஒவ்வொருவராக வேறு வேலை பார்க்கப் போனீர்கள். ஒருவன் இப்போது டெக்னோபார்க்கில் பத்து பேருக்கு மேலதிகாரி. இன்னொருவர் மார்ச் மாதம் வந்தால் துபாயிலிருந்து பெண்மையைப் போற்றி ரோஜாப்பூவோடு செய்தி அனுப்புகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடுக்கி ஞாபகம் வரும்.

சொன்ன வாக்குப்படி பாஸ்வேர்டைச் சொல்கிறேன். உங்களுக்கு அது புதிதில்லை. படியில் நின்று கைகொட்டிப் பாடினீர்களே, அந்தச் சொல்தான். ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது, நீங்கள் பாடிய மாதிரியே இரண்டு தடவை. சர்வர் திறக்கிற அன்று ஒவ்வொருவரும் உங்கள் சொந்த விரலால் அடியுங்கள். பிள்ளைகளை விட்டு அடிக்கச் சொல்லாதீர்கள்.

அடித்தால் கதவு திறக்கும். பாதாளத்தின் வாசலில், வானத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்பாள். நான் விட்டு வந்த இடம் அதுதான். பார்த்துவிட்டு வாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். தொட்டுவிடாதீர்கள்.